ரசமட்டம் மாட்டிய கேரியர்

கடலூர் மாவட்டத்தில் நேராக இருக்கும் பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது என்பதை நிரூபிப்பதற்காகவே ஒரு மனிதர் பிறந்திருந்தார். அவர் திருப்பாதிரிப்புலியூரில், எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் குடியிருந்தார். நேர் எதிர் என்று நான் சொல்கிறேன். அவரைக் கேட்டால், "கொஞ்சம் கெழக்கால தள்ளி" என்பார்.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாது. தெருவுக்கே அவர் ரசமட்டம்தான். கொத்தனார்கள் சுவர் மேல் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடும் மட்டப்பலகை, அதில் ஒரு சாண் நீளத்தில் ஒன்றைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரிவார். ஏதோ ஓர் ஆலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை ஆலை நிம்மதியாகக் கொண்டாடியதாகக் கேள்வி.

டீக்கடைக்குப் போனால் பெஞ்சு மேல் ரசமட்டத்தை வைப்பார். குமிழி நகரும். "இந்தப் பெஞ்சில உக்காந்து குடிச்சா டீ ஒரு பக்கமாத்தான் எறங்கும்" என்பார். கல்யாண வீட்டில் மேடையேறி, மாப்பிள்ளை உட்காரும் சோபாவின் கைப்பிடியில் வைப்பார். போட்டோக்காரர் காத்திருப்பார். ஒரு சாவு வீட்டில், பிரீசர் பெட்டியின் மேல் வைத்துவிட்டார். குமிழி தலைப்பக்கம் ஓடியது. "தலமாடு ஜாஸ்தி தூக்கியிருக்கு, ஒரு அட்ட குடுங்க" என்று அவர் குனிந்ததும், அதுவரை அழுதுகொண்டிருந்த விதவை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"உசுரோட இருந்தப்பவே அவரு ஒரு நாளும் நேரா நின்னதில்ல. உடுங்கண்ணா."

இப்படிப்பட்டவரிடம் என் கார் சிக்கியது.

சிக்கிய நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. கடலூரில் இரண்டு இடம் பார்த்து, கடைசியில் சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போகும் வழியில் ஒரு சின்ன பிசியோதெரபி நிலையத்தில் ஒரு அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவர் கைபட்ட பிறகுதான் அப்பாவின் விரல் முதல்முறையாக அசைந்தது. அதிலிருந்து அப்பாவுக்கு அவரைத் தவிர வேறு யாரும் ஆகாது. வாரா வாரம் சிதம்பரம். ஒரு வாரம் தவறினால் பிடித்த பிடி தளர்ந்துவிடும் என்று அந்த அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பின் சீட்டில் அம்மா மடியில் அப்பா தலை வைத்துச் சாய்ந்திருப்பார். முன்னால் நானும் என் மனைவியும். டிக்கியில் சாமான் வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருக்கிறது. பெட்ரோல் மிச்சம் என்று வாங்கிய கார். டிக்கி என்ற சொல்லுக்கு அதில் பொருள் கிடையாது. ஆக, சக்கர நாற்காலிக்கு இடம் இல்லை.

நாற்காலி இல்லாமல் போனால் தூக்க வேண்டும். தூக்குவது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் தூக்கும்போது அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். நான்கு பேர் பார்க்க, மூட்டை மாதிரி ஆகிவிட்டோமே என்று. நாற்காலியில் உட்கார்த்தினால் இடது கையால் சக்கரத்தைத் தானே ஒரு தள்ளு தள்ளுவார். அது கோணலாகத்தான் போகும். ஆனாலும் கண் திறந்திருக்கும்.

எனவே முதல் வாரம், கூரை மேல் ஒரு பழைய போர்வையை விரித்து, நாற்காலியைப் போட்டு, ஜன்னல் வழியாகக் கயிற்றை விட்டுக் கட்டினேன். கட்டிய பிறகு பின்கதவைத் திறக்க முடியவில்லை என்று தெரிந்தது. அவிழ்த்து, எல்லோரையும் ஏற்றி, மறுபடி கட்டினேன். காற்றில் சக்கரம் மேலே சுற்றிக்கொண்டே வந்தது. பக்கத்தில் வந்த காலேஜ் பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் கை காட்டினார்கள். திரும்பி வந்து போர்வையை எடுத்தபோது கூரையெங்கும் கோடு. போர்வைக்குள் இருந்த மணலும் நாற்காலியும் சேர்ந்து கோலம் போட்டிருந்தன.

எதிர்வீட்டு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எனக்கு ஏற்கெனவே முதுகு வலி.

"இன்னா மாப்ள இது?" ரசமட்டம் கூரையைத் தடவினார். "யாரு இந்தக் கொலைய செஞ்சது?"

"நான்தான் மாமா."

"கேரியர் மாட்டாம யாராவது காருக்கு மேல சாமான் ஏத்துவாங்களா? மாட்டிப்புடலாம். என்கிட்ட உட்டுடு."

என்னிடம் அப்போது மறுத்துப் பேசும் அளவுக்குத் தெம்பு இல்லை. விட்டுவிட்டேன்.

மறுநாளே பைபாஸ் பக்கம் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். கடைக்கார இளைஞன் காரைச் சுற்றி வந்து, "இதுக்கு மேல கேரியர் மாட்டுற ரெயில் கம்பி இல்ல சார். நாலு ஓட்ட போட்டு, ஸ்க்ரூ முறுக்கி, சிலிகான் அடிச்சி உட்டா மலை மாதிரி நிக்கும்" என்றான். கையில் டிரில்லிங் மெஷின் தயாராக இருந்தது.

ரசமட்டம் காருக்கும் மெஷினுக்கும் நடுவில் போய் நின்றார். "தம்பி, உனக்குத் தொப்பி வேணும்னா மண்டையில ஓட்ட போட்டுப்பியா? இது கடலூரு. உப்புக்காத்து. நீ போடுற ஓட்டையில நொழஞ்ச தண்ணி அடுத்த மழைக்குள்ள காரையே தின்னுடும்."

இரண்டாவது கடையில் ஓட்டை போடாத மாடல் இருந்தது. கதவைத் திறந்தால் மேல் விளிம்பில் கொக்கி மாதிரிப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்றார் கடைக்காரர். "எல்லாருக்கும் பொருந்துற செருப்பு யாருக்கும் பொருந்தாது" என்று ரசமட்டம் அதைக் கதவில் வைத்துப் பார்த்தார். கொக்கி அரைகுறையாக நின்றது. அதன் முனை பெயின்டில் உட்கார்ந்தது. பிறகு அடியில் வரும் ரப்பரை எடுத்து, யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். கடித்தார்.

"ரப்பர்னா பல்லுத் தடம் உழுந்து திரும்பி எழும்பணும். இது பிளாஸ்டிக்கு. கூரைய சொரண்டும்."

"சார், நீங்க கடிச்சத இனிமே யாரு சார் வாங்குறது?" கடைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ரப்பரை மட்டும் நான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்படியே இரண்டு வாரம் போனது. இரண்டு வாரமும் போர்வையும் கயிறும்தான். கடைசியில் சிதம்பரத்தில் ஒரு கடையில், என் காரின் மாடலையும் வருடத்தையும் சொல்லி, அதற்கென்றே செய்த கேரியரை வரவழைத்தோம். குறுக்கே இரண்டு கம்பி, நான்கு கால், கதவு விளிம்பில் அச்சாக உட்காரும் கிளாம்ப், தடித்த ரப்பர். ரசமட்டம் அதைக் கடிக்காமல் முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கடைக்காரர் உருப்படியாக ஒன்று சொன்னார்: "கூரை தாங்குற எடை புக்ல போட்டிருக்கும், கேரியரோட எடையையும் சேத்துக் கணக்கு பண்ணுங்க." சக்கர நாற்காலிக்கு அதெல்லாம் தாராளம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுவது என்று முடிவானது. மாட்டுவதற்கு அரை மணி நேரம் ஆகும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. எழுதியவருக்கு ரசமட்டத்தைத் தெரியாது.

முதலில் கூரையைக் கழுவச் சொன்னார். கழுவினேன். துடைக்கச் சொன்னார். துடைத்தேன். விரலால் தடவிப் பார்த்து, "இன்னும் மண்ணு நெருடுது. ரப்பருக்கு அடியில ஒரு மண்ணு இருந்தாலும் அது உப்புத்தாள்" என்றார். மறுபடி கழுவினேன். கிளாம்ப் உட்காரும் கதவு விளிம்பையும் துடைத்தேன். பிறகு மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். வாட்ச். பெல்ட். கடைசியில் சட்டை.

"சட்ட எதுக்கு மாமா?"

"காரு மேல சாயுவ. பட்டன் கீறும்."

அவரும் கழற்றினார். திருப்பாதிரிப்புலியூரில் தேர் வீதி பக்கம் இருந்து வந்தவர்கள் எல்லாம், வெற்றுடம்போடு இரண்டு ஆண்கள் ஒரு காரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். என் மனைவி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை அவர் செய்தது எல்லாம் சரிதான். கம்பியை இழுக்காமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலிருந்து இறக்கினோம். எங்கே வைக்க வேண்டும் என்று டேப் ஒட்டிக் குறித்திருந்தார். ஒரு பக்கத்தை ஒரேயடியாக முறுக்காமல், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினோம். "ஜாஸ்தி முறுக்காத, தகரம் அமுங்கிடும்" என்றார். அத்தோடு விட்டிருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்திருக்கும்.

கழற்றி வைத்த சட்டையின் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார்.

கம்பி மேல் வைத்தார். குமிழி வலது பக்கம் ஓடியது. அவர் முகம் இருண்டது.

"மாமா, தெருவு சாய்வா இருக்குது. சாக்கடைப் பக்கம் எறக்கம்."

"அப்ப கேரியரு கோணல்தான?"

"காருக்கு நேரா இருந்தா போதும் மாமா. தெருவுக்கு நேரா இருக்கணுமா?"

"கோணல்ல இருந்து அளந்தா எல்லாம் கோணல்தான் மாப்ள." செங்கல்லும் பலகையும் எடுத்து வந்து, இடது சக்கரங்களுக்குக் கீழே வைத்து, என்னைக் காரை ஏற்றச் சொன்னார். பலகை உடைந்தது. பிறகு மட்டமான இடம் தேடி, ஊரெல்லாம் காரை ஓட்டவைத்தார். ஒவ்வொரு தெருவிலும் இறங்கித் தரையில் ரசமட்டத்தை வைத்து, உதட்டைப் பிதுக்கி, மறுபடி ஏறினார். கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் குமிழி நடுவில் நின்றது. அவர் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அங்கே நிறுத்தி மறுபடி அளந்தார். கேரியர் காலையில் எப்படி இருந்ததோ அப்படியே, கச்சிதமாக இருந்தது. எங்கள் இருவருக்கும் சட்டை இல்லாததால் மண்டபத்துக்காரர் எங்களைச் சமையல்காரர்கள் என்று நினைத்து, சாம்பாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். வீடு வந்து சேர்ந்தபோது எனக்குப் பசியே அடங்கிப் போயிருந்தது.

அந்த வாரம் சிதம்பரத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னார். "மொத ஓட்டத்துல நட்டு தளரும், நான் பாத்துக்கறேன்." என் மனைவி சந்தோஷமாக இடத்தை விட்டுக்கொடுத்தார். நாற்காலியின் கம்பிகளில் சைக்கிள் டியூபைச் சுற்றி, கேரியரில் படுக்கவைத்து, நாடாவால் கட்டினார் ரசமட்டம். நாடாவை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் விர்ரென்று அடிக்காது என்று அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. சத்தமே இல்லை. கூரையில் ஒரு கீறல் இல்லை.

ஆனால் ஆலப்பாக்கத்தில் நிறுத்தி நட்டைப் பார்த்தார். புதுச்சத்திரத்தில் நிறுத்தினார். பி.முட்லூரில் நிறுத்தினார்.

"எப்பா, நேரம் ஆவுதுப்பா" என்றார் அம்மா பின்னாலிருந்து.

"தோ ஆச்சிக்கா. மச்சான், சாஞ்சிக்கிட்டே வர்றது வலிக்குதா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பாவுக்குப் பேச்சு அப்போது முழுதாக வரவில்லை. இடது கையை மட்டும் ஆட்டினார். போ என்றா, பரவாயில்லை என்றா, தெரியவில்லை.

நிலையத்துக்கு வந்துவிட்டோம். பழைய வீடு ஒன்றை மாற்றிக் கட்டிய இடம். வாசலில் சின்னதாக ஒரு போர்டிகோ. வழக்கமாக வெளியிலேயே நிறுத்துவேன். அன்று வெயில். "மச்சான் தல காயுது, நெழல்ல உட்டு நிறுத்து" என்று சொல்லிவிட்டு ரசமட்டம் இறங்கி முன்னால் போய் நின்றார். இடது பக்கத் தூணைப் பார்த்தார். வலது பக்கத் தூணைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பெயின்டுக்கு எவ்வளவு இடம் என்று கையால் அளந்தார்.

"வா மாப்ள. வா. வா. தாராளமா வா. ஒரு கோடு உழாது, நான் இருக்கறேன், வா..."

வந்தேன்.

மேலே பார்க்க அவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கார் இப்போது முன்பைவிட உயரம் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில், பெரிய சத்தத்தோடு தெரிந்தது.

போர்டிகோவின் விட்டத்தில் நாற்காலி மோதி, கேரியரைப் பின்னால் தள்ளி, முன் கிளாம்ப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பின்பக்கக் கால் கூரையை அமுக்கிவிட்டது. ஒரு தட்டு அளவுக்குப் பள்ளம். மழை பெய்தால் இன்றும் அதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். நாற்காலியின் ஒரு சக்கரம் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. அம்மா "ஐயோ" என்றார். உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, அதில் அவரை உட்காரவைத்து, நானும் அங்கே வேலை செய்யும் ஒருவரும் தூக்கினோம்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

ரசமட்டம் அதைப் பார்த்துவிட்டார். வாய் ஓயாத மனிதர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்தபோது, "மாப்ள... ஏதாவது திட்டு மாப்ள" என்றார்.

திட்டியிருப்பேன். அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். "ஒண்ணும் இல்ல மாமா, உடுங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கு வெளியே போனார். பஸ் ஏறிப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது.

அதன் பிறகு தெரு அமைதியானது. டீக்கடை பெஞ்சு அதன் பாட்டுக்கு ஆடியது. யாரும் அளக்கவில்லை. எதிர்வீட்டு கேட் திறக்கும் சத்தம் கேட்கவில்லை. உடைந்த கேரியரை வாசல் ஓரத்தில் போட்டுவிட்டு, நாற்காலியை யாரிடம் சரிசெய்யக் கொடுப்பது என்று நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் இருந்து ஒரு மாலை வந்தபோது நாற்காலியைக் காணோம்.

"உங்க மாமா வந்து தூக்கிட்டுப் போனாரு. ஒரு வார்த்த பேசல. தண்ணி வேணுமான்னு கேட்டேன், அதுக்கும் பதில் இல்ல" என்றார் என் மனைவி.

சிதம்பரம் போகவேண்டிய நாளும் வந்தது. விடிந்ததிலிருந்து வானம் மூடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் பூட்டு. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலை இங்கே எழுத முடியாது. நெளிந்த சக்கரத்தோடு அந்த நாற்காலியை எங்கே மட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தேன். "இன்னிக்கு வேணாம்னா உட்டுடலாமா?" என்று அம்மா கேட்டார். அப்பா இடது கையால் காரைக் காட்டினார். போகலாம் என்று. தூக்கித்தான் ஏற்றினோம். கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறினார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் வேகத்துக்கு அடங்காத மழை. எனக்கு அங்கே போய்ச் சேர்ந்து, மழையில், பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை மறுபடி தூக்குவதை நினைக்கவே கை சோர்ந்தது.

நிலையத்தின் கேட்டுக்குள் திரும்பியபோது என் மனைவிதான் முதலில் பார்த்தார். "அங்க பாருங்க. உங்க மாமா."

போர்டிகோவுக்கு வெளியே, மழையில், அவருடைய பழைய மொபெட் நின்றது. பின் சீட்டில் கயிறும் டியூபும் தொங்கிக்கொண்டிருந்தன. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, லாரிகளுக்கு நடுவே, அந்த மொபெட்டில். போர்டிகோவின் நடுவில் நாற்காலி விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் சக்கரம் சரியாகியிருந்தது. நாற்காலிக்கு ஒரு மழைக்கோட்டு போர்த்தி, பட்டன்கூடப் போட்டிருந்தது. அதற்குப் பின்னால் ரசமட்டம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட நின்றார். குளிரில் தாடை ஆடியது.

காரை வெளியே நிறுத்தி இறங்கி ஓடினேன்.

"போனு ஏன் மாமா எடுக்கல?"

"வண்டி ஓட்டும்போது போனு எடுப்பாங்களா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா வேணாம்பீங்க."

"சரி, கோட்ட நீங்க போட்டுக்க வேண்டியதுதான? இப்படியா நனையறது?"

"மச்சான் உக்கார்ற சீட்டுப்பா." அவர் கோட்டின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். விரல் விறைத்து, ஒன்று கழல மறுத்தது. "ஈரமா இருந்தா குளிரும் இல்ல."

நாற்காலியைக் கார்க் கதவுவரை தள்ளிக்கொண்டு போனோம். என் மனைவி குடை பிடித்தார். அப்பாவை அதில் உட்காரவைத்தோம். சீட்டு ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. அப்பா இடது கையைச் சக்கரத்தில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். கண் திறந்திருந்தது. பிறகு தள்ளுவதை நிறுத்திவிட்டு, ரசமட்டத்தை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை இடது கையால் மெதுவாக உருவி, என் பக்கம் நீட்டினார்.

"மச்சான்... தல..." என்றார். அவ்வளவுதான் வந்தது.

துண்டை வாங்கி நான் ரசமட்டத்தின் தலையைத் துவட்டினேன். உலகத்தில் எதையும் திருத்தாமல் விடாத மனிதர், அன்று நான் துவட்டியதைத் திருத்தாமல், சின்னப் பிள்ளை மாதிரி எனக்கு எட்டும்படித் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டு நின்றார்.